லக்மானோட இடது கண்

லக்மானுக்குக் கண்ணு பால் பூத்த அன்னைக்கே நான் படிச்சுப் படிச்சு சொன்னேன். பெட்டிகிட்ட போகாதீங்க, தொடாதீங்க, வெளிய எடுத்து யாருக்கும் காட்டாதீங்க. எங்க வீட்ல நான் சொல்றதை அடுப்புல இருக்கற கெட்டில்கூட கேட்காது. என் புருஷன் எர்மெக்கா கேட்கப் போறார்!

லக்மான் என் பொண்ணு மீரிம் வளர்த்த பாம்பு. விஷம் கிடையாது, ஆரஞ்சு நிறம், ரெண்டு விரல் சேர்த்த தடிமன். வந்த புதுசுல தக்காளிச் சாறுல ஊறின நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்துச்சுன்னு, நாங்க வாராவாரம் சாப்பிடற அந்த நூடுல்ஸ் பேரையே அதுக்கு வெச்சுட்டா. "இனிமே லக்மான் கிண்ணத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்"னு என் நாத்தனார் ஜிபார் அன்னைக்கு மூக்கைச் சுளிச்சா. அப்புறமும் எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு கிண்ணம் சாப்பிடாம போனதில்ல.

மீரிம் இப்ப இஸ்தான்புல்ல ஒரு துணிக்கடையில வேலை பார்க்கறா. அவ ஏன் போனான்னு சொல்லிடறேன், இல்லாட்டி என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியாது. காலேஜ்ல படிச்சுட்டிருந்தப்போ ஒரு பய, கூட்டாளிங்களோட கார்ல வந்து அவளைத் தூக்கிட்டுப் போயிட்டான். எங்க பக்கம் அந்தக் கண்றாவி உண்டு. சட்டம் கூடாதுங்குது, ஊர் கண்டுக்கறதில்ல. தலையில வெள்ளைத் துணியைப் போட்டுட்டா பொண்ணு அந்த வீட்டுக்காரி ஆயிடுவா. அவனோட பெரியவங்க ஆட்டையும் வோட்காவையும் தூக்கிட்டு, கோபத்தைத் தணிக்கறோம்னு எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்ல இருந்தது எர்மெக். செருப்பால அடிச்சுத் துரத்த வேண்டிய மனுஷன், அவங்களை உட்கார வெச்சு, கிளாஸைத் தூக்கி வாழ்த்துப் பேசினார். அதை ஒருத்தன் போன்ல படம் பிடிச்சு அனுப்ப, அங்க மீரிம் கிட்ட காட்டியிருக்காங்க. "பாரும்மா, உங்கப்பாவே சம்மதிச்சுட்டார். இனிமே அடம் பிடிக்காதே."

அவ துணியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, தடுக்க வந்தவங்களைக் கடிச்சுட்டு, நடந்தே ரோட்டுக்கு வந்து வேன் பிடிச்சா. வீட்டுக்கு வந்தவ அப்பாவோட ஒரு வார்த்தை பேசல. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கிளம்பிட்டா. பாம்பைப் பிளேன்ல கொண்டு போக முடியாதுன்னு எங்கிட்ட விட்டுட்டுப் போனா.

ஞாயித்துக்கிழமை ஆனா வீடியோல கூப்பிடுவா. முதல் பேச்சே, "அம்மா, லக்மானைக் காட்டு." நான் அவனைக் கையில சுத்தி வெச்சுட்டு உட்காருவேன். அவன் நாக்கை நீட்டறதையும் என் கைக்குள்ள தலையை நுழைக்கறதையும் பார்த்துட்டே அவ பேசுவா. கடை, குளிர், கூட இருக்கற பொண்ணுங்க. பாம்பைப் பெட்டியில விட்டா அவளுக்கும் பேச்சு தீர்ந்து போயிடும். அவ பாம்பைப் பார்க்கத்தான் கூப்பிடறா, என்னைப் பார்க்க இல்ல. தெரியாதா எனக்கு? தெரிஞ்சா என்ன! குரல் கேட்குதே. லக்மான் நல்லா இருக்கற வரைக்கும் எனக்குப் பொண்ணு உண்டுன்னு நான் பொத்திப் பொத்தி வளர்த்தேன்.

பாம்பு சட்டை உரிக்கறது பார்க்கத்தான் லேசு. முதல்ல நிறம் மங்கும், கண்ணு நீலமா, பால் கலந்த மாதிரி ஆகும். அப்ப அதுக்குச் சரியா கண்ணு தெரியாது, யாராவது தொட்டா பயப்படும். அப்புறம் கண்ணு தெளியும். அதுக்கு அப்புறம்தான் மூக்குல ஆரம்பிச்சு சட்டையைக் கழட்டும், நாம காலுறையைக் கழட்டற மாதிரி, உள்பக்கம் வெளிய வர்றாப்ல. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணு மேலயும் கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான். சட்டையோட அதுவும் கழண்டு வரணும். காத்துல ஈரம் இல்லேன்னா சட்டை கிழிஞ்சு கிழிஞ்சு ஒட்டிக்கும், கண்ணு செதிலும் மாட்டிக்கும்.

எங்க ஊர் பிஷ்கெக்ல குளிர்காலத்துல ஈரத்துக்கு எங்க போறது? வெளிய பனியும் நிலக்கரிப் புகையும். உள்ள ஹீட்டர். அதோட சூட்டை முனிசிபாலிட்டிக்காரன்தான் ஏத்தறான், இறக்கறான். எங்க வீட்டுத் திருகு துருப்பிடிச்சு நின்னு வருஷமாச்சு. உதடு வெடிக்கும், மேஜை வெடிக்கும். நான் ஈரப் போர்வையை ஹீட்டர் மேல தொங்கவிட்டு, ஒரு டப்பாவுல ஓட்டை போட்டு, அதுல ஈரப் பாசியை நிரப்பி லக்மானோட பெட்டிக்குள்ள வெச்சேன். அவன் சமர்த்தா அதுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டான்.

அந்த டிசம்பர் பார்த்து எங்க ஊருக்கே பாம்புப் பைத்தியம் பிடிச்சிருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு மிருகம்னு ஒரு கணக்கு, அதுப்படி வரப்போறது பாம்பு வருஷமாம். கடைக்குக் கடை பொம்மைப் பாம்பு, கேக்குல பாம்பு, குழந்தைங்க தொப்பியில பாம்பு. எர்மெக்குக்குத் தொழில் தமாதா, அதாவது விருந்துகள்ல மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு கிளாஸுக்கும் வாழ்த்துச் சொல்லிக் கூட்டத்தை நடத்தறவர். வாயில வடை சுட்டே குடும்பம் நடத்தினவர். கம்பெனிக்காரங்க எல்லாம் வருஷக் கடைசியில விருந்து வைக்கறதால அவருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

ஒரு நாள் மத்தியானம் கோட்டைக்கூட கழட்டாம சமையலறைக்குள்ள வந்தார்.

"குல்சைரா, உன் நூடுல்ஸுக்கு ஒரு வேலை வந்திருக்கு! பெரிய கம்பெனி. விளக்கை எல்லாம் அணைச்சுட்டு, நான் பாம்பைத் தோள்ல போட்டுட்டு மேடைக்கு வர்றேன். எப்படி?"

"அவனுக்குக் கண்ணு பால் பூத்திருக்கு. தொடக் கூடாது."

"எனக்குக்கூட ஒரு கண்ணு மங்கலாத்தான் தெரியுது. நான் மேடை ஏறலையா?"

"உங்களைத் தொட்டா நீங்க பயப்பட மாட்டீங்க. வோட்கா இல்லேன்னாத்தான் பயப்படுவீங்க."

அவர் சிரிச்சார். அவருக்கு என் கோபம் எல்லாம் மேடையில சொல்றதுக்கு ஒரு ஜோக். "சரிடீ, பாம்பு வேண்டாம். சட்டை? உரிச்சதும் அந்தச் சட்டையைக் குடு. பர்ஸுல வெச்சா காசு வத்தாதுங்கறாங்க. அதுவும் பாம்பு வருஷத்துல! முதலாளியோட பொண்டாட்டிக்குத் தலைப் பக்கம் வேணுமாம். கண்ணோட."

"கண்ணோடவா?"

"கண்ணு இருக்கற துண்டு வெச்சிருந்தா கண்ணு படாதாம். உரிச்ச கண்ணுதானேடீ, அதுக்கு எதுக்கு இனிமே?"

அடுப்படியில டீ குடிச்சுட்டிருந்த ஜிபார் உடனே கிளாஸைக் கீழ வெச்சா. அவ எர்மெக்குக்கு மூத்தவ, பக்கத்துக் கட்டிடத்துலதான் இருக்கா. சாப்பாட்டு நேரத்துல எங்க வீட்ல இருப்பா.

"பாம்புக்கு ரெண்டு கண்ணு இருக்கே. ஒண்ணு எனக்கு. என் மருமக மேல ஊர்க் கண்ணு மொத்தமும் இருக்கு."

"அண்ணி, அது முதல்ல உரிக்கட்டும். அப்புறம் பங்கு போட்டுக்கலாம்."

"ஆமா, பெரிய பொக்கிஷம். ஃப்ரீஸர்ல மோமோவுக்குப் பக்கத்துல பாம்புக்குப் போடற எலியை வெச்சிருக்கறவளுக்குப் பேச்சைப் பாரு!"

எர்மெக் ரெண்டு பேரையும் கையமர்த்தினார். "சண்டை வேண்டாம். நான் மைக்குல சொல்லிட்டேன். போன விருந்துக்கு வந்திருந்த அந்த முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, வருஷம் பொறக்கறதுக்குள்ள பாம்பே தன் கண்ணை உங்க கையில வைக்கும்னு வாழ்த்தியாச்சு. நூறு பேர் கை தட்டினாங்க. தமாதா வாயில இருந்து வந்த வாழ்த்து பொய்க்கக் கூடாது."

பொண்ணு விஷயத்துலயும் அவர் வாழ்த்து பொய்க்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் உருளைக்கிழங்கைச் சீவினேன்.

எனக்கு ஒரு பியூட்டி பார்லர் கடையில இமைமுடி ஒட்டற வேலை. பொண்ணுங்களுக்குப் பொய் இமைமுடியை ஒவ்வொண்ணா ட்வீசர்ல எடுத்து, பசை தொட்டு ஒட்டுவேன். டிசம்பர்ல கடையில மூச்சு விட நேரம் இருக்காது. எல்லாருக்கும் விருந்துக்குக் கண்ணு பெருசா தெரியணும். அடுத்த நாள் கடையில இருந்து வந்து பார்க்கறேன், லக்மானோட பெட்டி ஹீட்டர் மேல உட்கார்ந்திருக்கு!

"யாரு வெச்சது இதை?"

"நான்தான்," அப்படின்னார் எர்மெக், ஏதோ உதவி பண்ணின முகத்தோட. "நீ ஈரத்துல ஊற வெச்சா எப்ப உரியும்? துவைச்ச துணியை ஹீட்டர்ல போட்டா சீக்கிரம் காயுதில்ல? அதான், சீக்கிரம் காஞ்சு உரியட்டும்னு."

ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பாசி வைக்கோலா காஞ்சு கிடந்துச்சு. தண்ணிக் கிண்ணத்துல தண்ணி இல்ல. லக்மான் கண்ணாடிப் பெட்டியோட தூர மூலையில, சூடு குறைச்சலான இடத்துல, ஒரு கைக்குட்டை அளவுல சுருண்டிருந்தான். நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்போ வாய்க்கு வந்ததை எல்லாம் திட்டினேன். அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கிட்டார்.

நினைச்ச மாதிரியே ஆச்சு. சட்டை முழுசா வரல. வெங்காயச் சருகு மாதிரி துண்டு துண்டா உதிர்ந்துச்சு. வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு, அதுக்குள்ள அவனை ஊர விட்டு உடம்புல இருந்ததை எல்லாம் கழட்டிட்டேன். ஆனா ரெண்டு கண்ணும் தெளியல. கசங்கின பாலிதீன் மாதிரி சுருக்கம் விழுந்து மங்கலா இருந்துச்சு.

மீரிமைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்மா, கையை வைக்காதே. ட்வீசர், டேப், எண்ணெய் ஒண்ணும் வேண்டாம். செதிலுக்கு அடியில இருக்கறது உயிர்க் கண்ணு. ஈர டப்பாவுல வை. தானா வரும். வரலேன்னா அடுத்த சட்டையோட வரும். அவசரமே இல்ல." மிருக டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போனேன். அவங்களும் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டு அதையேதான் சொன்னாங்க. பொறுமையா இருங்க, அதைத் தவிர மருந்து இல்லைன்னாங்க.

பொறுமையா இருந்தேன். தினமும் பாசியை நனைச்சேன், தினமும் கண்ணைப் பார்த்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பாசியைக் கிளறினப்போ, பயறு அளவுல ஒரு வட்டம் விரல்ல ஒட்டிச்சு. கண்ணாடி மாதிரி, ஒரு பக்கம் குழிஞ்சு. லக்மானைத் தூக்கிப் பார்த்தேன். இடது கண்ணு கருப்பு மணி மாதிரி பளபளன்னு என்னைப் பார்த்துச்சு. அட என் தங்கமேன்னு அவன் தலையில முத்தமே குடுத்துட்டேன்.

அன்னைக்கு மீரிம் சிரிச்சா. அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு! "அம்மா, நீ எங்க ஊர் டாக்டரையே தூக்கி சாப்பிட்டுடுவே. இன்னும் ஒரு கண்ணுதானே, அதுவும் வந்துடும்." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "மார்ச்ல லீவு கேட்டிருக்கேன்மா. நவ்ரூஸ் பண்டிகைக்கு வரலாம்னு. லக்மானைப் பார்க்கணும்"னா.

லக்மானைப் பார்க்கணும்னா. சரி, எதைப் பார்க்கறதுக்கோ, வரட்டும். நான் போனை வெச்சுட்டு, யாருக்கும் தெரியாம கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதேன்.

அந்தச் செதிலை ஒரு காலி இமைமுடி டப்பாவுல போட்டுக் கைப்பையில வெச்சேன். மீரிம் வந்தா அவகிட்ட காட்டத்தான். எர்மெக்கிட்டயோ ஜிபார்கிட்டயோ எதுக்குக் காட்டணும்? என் பொண்ணைக் குடுத்த மனுஷனுக்கு இதையும் தூக்கிக் குடுக்கணுமா?

வாரக் கடைசியில அந்தக் கம்பெனி விருந்து. நான் கடையில தலையால தண்ணி குடிச்சுட்டிருந்தேன். கடைசியா இமைமுடி ஒட்டிக்க வர வேண்டிய பொண்ணு வராம போனதால கொஞ்சம் முன்னாடியே கிளம்பி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததுமே வெங்காய வாசனையும் ஜிபாரோட குரலும். "விடாதே, இறுக்கிப் பிடி, நெளியுது பாரு!"

சாப்பாட்டு மேஜையில எர்மெக் விருந்துக் கோட்டோட உட்கார்ந்திருந்தார். கையில துவாலை. துவாலைக்குள்ள லக்மான், தலை மட்டும் வெளிய. ஜிபார் கையில என் ட்வீசர், நான் வீட்ல வெச்சிருக்கற மெல்லிசு மூக்கு உள்ளது. மேஜையில ஒரு டீ சாஸர். சாஸர்ல ஒரு கண்ணாடி வட்டம், காஞ்சு சுத்தமா. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, ஈரமா, ஓரத்துல சிவப்பு.

"வந்துட்டியா? பாரு, நீ இத்தனை நாளா பூஜை பண்ணினது அஞ்சு நிமிஷ வேலை," அப்படின்னார் எர்மெக். ஆனா அவர் நெத்தியில வேர்வை. "வலது பக்கம் சட்டுனு வந்துடுச்சு. இடதுதான் கொஞ்சம் அடம் பிடிச்சுது."

"இடதா?"

"ஆமா, ரெண்டு கண்ணுலயும் இருக்கும்ல."

நான் லக்மானைப் பிடுங்கினேன். வலது கண்ணு தெளிவா இருந்துச்சு. இடது கண்ணு இருந்த இடத்துல கலங்கின தண்ணி வழிஞ்சுட்டிருந்துச்சு. பாம்புக்குக் கத்தத் தெரியாது. என் மணிக்கட்டைச் சுத்தி அவன் இறுக்கின இறுக்குல என் விரல் நீலமாச்சு.

"இடது கண்ணுல ஒண்ணும் இல்லையேடா, பாவி! அது உரிஞ்சு போய் அஞ்சு நாளாச்சு! நீ பிடுங்கினது அவன் கண்ணைடா!"

புருஷனை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை. ஜிபார் ட்வீசரை மெதுவா மேஜையில வெச்சுட்டுக் கையைப் பாவாடையில துடைச்சா.

"எங்களுக்கு எப்படித் தெரியும்? உரிஞ்ச துண்டு எங்க, பெட்டியில தேடினோமே, காணோமே. ஒட்டிட்டு இருக்குன்னு நினைச்சோம்."

"எங்கிட்ட இருக்கு."

"பார்த்தியா! ஒளிச்சு வெச்சது நீ. அதை அன்னைக்கே குடுத்திருந்தா இந்தப் பாவம் எங்க கையில வந்திருக்குமா? உன்னாலதான்டீ."

கேட்டீங்களா நியாயத்தை? கண்ணைப் பிடுங்கினது அவ, பழி எனக்கு. பதில் சொல்ற நேரமா அது? கம்பளிச் சால்வைக்குள்ள லக்மானை நெஞ்சோட வெச்சுக் கட்டிட்டு, கோட்டைப் போட்டுக்கிட்டேன். நான் கதவுகிட்ட போறப்போ பின்னாடி ஜிபார் எர்மெக்கிட்ட கிசுகிசுத்தா. "அந்த ஈரத்தைத் தூக்கிப் போட்டுடாதே. காய வெச்சா அதுவும் கண்ணுதானே."

டாக்டரம்மா பார்த்துட்டு எங்கிட்ட எதுவும் கேட்கல. ஊசி போட்டு அவனைத் தூங்க வெச்சு, கெட்டுப்போன கண்ணை எடுத்துட்டு, இடத்தைத் தைச்சாங்க. "ஒரு கண்ணோட பாம்பு பிழைச்சுக்கும். நாக்காலதான் அதுக்கு உலகம்"னாங்க. எனக்கு ஆறுதலாத்தான் சொன்னாங்க. எனக்கு உலகம் அந்தக் கண்ணுல இருந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் அங்க பெஞ்சுல உட்கார்ந்திருந்த நேரத்துல எர்மெக் விருந்துக்குப் போயிட்டார். வலது கண்ணுச் செதிலைச் சிவப்பு வெல்வெட் பையில போட்டு, அந்த முதலாளியம்மா கையில வெச்சு, பெருசா வாழ்த்தினாராம். கேட்டவங்க எழுந்து நின்னு கை தட்டினாங்களாம். யாரோ படம் எடுத்துப் போட்டிருந்ததை என் கடையில ஒரு பொண்ணு எனக்கே காட்டினா. "அக்கா, உங்க வீட்டுக்காரர் என்னமா பேசறார்!"

அடுத்த ஞாயிறு வந்துச்சு. காலையில இருந்து எர்மெக் என் பின்னாடியே சுத்தினார். டீ போட்டுக் குடுத்தார். எங்க கல்யாணத்துல இருந்து அவர் டீ போட்டு நான் பார்த்ததில்ல.

"குல்சைரா, வலது பக்கத்தை மட்டும் காட்டு. வலது நல்லாத்தானே இருக்கு? நவ்ரூஸுக்கு அவ வரட்டும். நேர்ல வந்ததும் பக்குவமா சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா வரவே மாட்டா. எனக்கும் அவ பொண்ணுதானே. ரெண்டு வருஷமா என் முகத்தைப் பார்க்கல."

அவர் சொன்னது நிஜம். சொன்னா வர மாட்டா. எனக்கும் அது தெரியும். சொல்லாம இருந்துடலாமான்னு டீ ஆறற வரைக்கும் யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

போன் அடிச்சுது. எர்மெக் அடுப்புப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்துல தெரியாம உட்கார்ந்தார்.

"அம்மா, லக்மானைக் காட்டு!"

வலது பக்கத்தைக் காட்டினேன்.

"ஐயோ, வந்துடுச்சா! எவ்வளவு தெளிவா இருக்கு பாரேன். அம்மா, நீ கெட்டிக்காரி. பரிசு வாங்கியாச்சு உனக்கு, கடையில இருந்து ஒரு ஷால். நீலத்துல." அவ போனைக் கிட்ட கொண்டு வந்தா. மூக்கு பெருசா தெரிஞ்சுது. "டேய் நூடுல்ஸ், திரும்பு பார்க்கலாம்."

நான் எர்மெக்கைப் பார்த்தேன். அவர் வேண்டாம்னு தலையை ஆட்டினார். கையைக்கூட கூப்பினார். ஒரு தடவை அவளுக்கு ஒரு படத்தைக் காட்டித்தான் ஏமாத்தப் பார்த்தாங்க, இந்த மனுஷன் கிளாஸைத் தூக்கற படத்தை. இன்னொரு படத்தை நான் காட்டவா? பெத்தவ பண்ற வேலையா அது?

நான் லக்மானைத் திருப்பினேன்.

அவ தையல் இருந்த இடத்தைப் பார்த்தா. அப்புறம் குரலை உசத்தாம கேட்டா.

"யாரு?"

"உங்கப்பாவும் அத்தையும். ட்வீசர்ல."

"நீ எங்க இருந்தே?"

"வேலைக்குப் போயிருந்தேன்மா. டிசம்பர்ல கடையை விட்டுட்டு எப்படி..."

"ம்." அவ அழல. "அன்னைக்கும் நீ வேலைக்குத்தாம்மா போயிருந்தே."

போன் கருப்பாச்சு. கருப்புல என் முகம்தான் தெரிஞ்சுது, லக்மானோட வால் நுனியும்.

எர்மெக் நாற்காலியில இருந்து எழுந்து வந்தார். "நான்தான் சொன்னேனே, வலது பக்கத்தை மட்டும்னு. சரி விடு, சின்னப் பொண்ணு, கொஞ்ச நாள்ல ஆறிடும்," அப்படின்னார். நான் பெட்டியைத் தூக்கிட்டு மீரிம் அறைக்குள்ள போய் உள்பக்கம் தாழ் போட்டேன். அன்னைக்கு இருந்து என் படுக்கை அங்கதான். சமையல் பண்ணி வைக்கறேன், துணி துவைக்கறேன். பேச்சு இல்ல. மேடையில பேசறவருக்கு வீட்ல எதுக்குப் பேச்சு?

நவ்ரூஸ் வந்துச்சு, போச்சு. ஊரெல்லாம் கோதுமைக் கஞ்சி காய்ச்சினாங்க. மீரிம் வரல. ஞாயித்துக்கிழமையில போன் அடிக்கறதும் இல்ல. பழக்க தோஷம், அந்த நேரத்துக்கு நான் லக்மானைக் கையில சுத்திட்டு மேஜைகிட்ட உட்கார்ந்துக்கறேன். அவனும் என் கைக்குள்ள தலையை நுழைச்சுக்கறான்.

போன வாரம் அவன் திரும்பச் சட்டை உரிச்சான். ஹீட்டர் நின்னுடுச்சு, மழை பெய்யுது, காத்துல நல்ல ஈரம். மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் ஒரு கிழிசல் இல்லாம, அப்படியே முழுசா. ஜிபாருக்கு எப்படித்தான் மூக்குல வேர்த்துச்சோ, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டா. "குல்சைரா, கோபத்தை விடு. பர்ஸுக்கு ஒரு துண்டு குடேன். மருமக முழுகாம இருக்கா."

"உங்ககிட்டதான் ஏற்கனவே ஒரு கண்ணு இருக்கே அண்ணி. அதை வெச்சுக்கங்க"ன்னேன். காலடிச் சத்தம் தூரப் போச்சு.

சட்டையை மீரிம் கட்டில்ல, வெள்ளைத் துண்டு விரிச்சு நீளமா போட்டேன். தலைப் பக்கம் வலது கண்ணுச் செதில் ஒழுங்கா இருந்துச்சு. இடது பக்கம் தட்டையா, ஒண்ணும் இல்ல. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கீழ என்ன எழுதறதுன்னு தெரியல, ஒண்ணும் எழுதல. கொஞ்ச நேரத்துல ரெண்டு டிக்கும் நீலமாச்சு. பார்த்துட்டா. மத்தியானம் வரைக்கும் போனைக் கையில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறம் கடைக்கு நேரமாச்சுன்னு கிளம்பினேன்.